மூன்று லுங்கி நீளக் கூரை

திருத்தணி,
ஆடி மாதக் கடைசி.

மதிப்பிற்குரிய பாவா அவர்களுக்கு,

சினேகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நைனா, அம்மா, நான், தறி நால்வரும் நலம். ஓசூரில் தாங்களும் அம்மு அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். 'ஆங்', 'இல்ல பாவா' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். நேற்று அம்மா குரூப்பில் போட்ட படத்தைப் பார்த்து, 'வீட்டுக்கு ஏன் வால் முளைச்சிருக்கு?' என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாலின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தறிக்கூடத்தின் பழைய தகரக் கூரை எங்கே ஒழுகும் என்று உங்களுக்குத் தெரியும். சரியாகத் தறிக்கு மேலே. ஆடிக் கிருத்திகைக்கு முன்புதான் நைனா தறியில் புதுப் பாவு நூல் ஏற்றியிருந்தார். கஞ்சி போட்ட பாவு நனைந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அறும், ஒரு மாத வேலை சாக்கடைக்குப் போகும். மலைப்பக்கம் மேகம் கறுத்தால் போதும், நைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போய்ப் பாவின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டு, அதன் பக்கத்திலேயே காவல் நிற்பார். அப்போதுதான் நீங்கள், 'சினேகா டிகிரி படிச்சிட்டு சும்மாதானே இருக்கா, அவளே ஆள் பாத்து கூரை போடட்டும்' என்று சொல்லிவிட்டீர்கள். பாவா, நான் படித்தது கணிதம். ஆனால் நம் குடும்பத்தில் முதல் டிகிரி என்பதால் ரேஷன் கார்டு திருத்துவது, மிக்ஸி ரிப்பேர், கூரை எல்லாம் அதற்குள் அடக்கம் என்றே நைனாவும் நம்புகிறார்.

முதலில் பேசிய ஆள், நேரில் வரத் தேவையில்லை, கூரையைப் படம் எடுத்து அனுப்பினாலே போதும் என்றார். இரண்டாவது ஆள் வந்தார், வெளியே நின்றபடியே பார்த்தார், சுவரை இடித்துவிட்டுத்தான் கூரையைப் பற்றிப் பேச முடியும் என்றார். அம்மா அவருக்குக் காப்பி கொடுக்காமலே அனுப்பிவிட்டார். மூன்றாவதாக நாகேந்திரன் அண்ணன் வந்தார். அடர்ந்த சுருள்முடி, பெரிய மீசை. வந்ததும் ஒன்றும் பேசாமல் ஏணி போட்டு மேலே ஏறிவிட்டார். கான்ட்ராக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய பத்துக் கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். அவர் இறங்கி வந்ததும் எனக்கு வாய் திறக்கவில்லை. தாளை அவரிடமே நீட்டிவிட்டேன். அவர் வாங்கிப் படித்துப் பார்த்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, தறிப்பலகையின் மேல் தாளை வைத்து, பத்துக் கேள்விக்கும் விடை எழுதிக்கொண்டிருந்தார். வியர்த்துக்கூட விட்டது, பாவம். சரிவு எவ்வளவு என்ற கேள்விக்குப் பத்தடிக்கு ஓரடியாவது வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மேலேயே குடியிருக்கும் என்று எழுதியிருந்தார். பழைய கூரை ஏன் ஒழுகுகிறது என்பதற்கு, 'தகரத்தோட பள்ளத்துல ஆணி அடிச்சிகிறாங்கோ. தண்ணி பள்ளத்துலதான் ஓடும். மேட்டுலதான் அடிக்கணும், ரப்பர் வாஷர் போட்டு' என்று எழுதியிருந்தார். பக்கத்து ஷீட்டின் மேல் அடுத்த ஷீட் எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்குப் படமே போட்டிருந்தார். முன்பு செய்த வேலையைக் காட்ட முடியுமா என்பதற்கு மட்டும் 'நேர்ல வாங்க' என்று எழுதியிருந்தார். அம்மா மணவூர் வரை போய் இரண்டு வீட்டுக் கூரையைப் பார்த்து, உள்ளே நின்று மேலே அண்ணாந்து ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை என்று வந்து சொன்ன பிறகு முழு மதிப்பெண்ணும் கொடுத்தேன்.

அவர் முருகனுக்கு மாலை போட்டிருந்தார். கிருத்திகை முடிந்ததும் வேலையைத் தொடங்கலாம், அதற்குள் சரிவின் நீளத்தை மட்டும் அளந்து போனில் சொன்னால் ஷீட்டை அந்த நீளத்துக்கே வெட்டச் சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் டேப் தேடினேன். நைனாவுக்கு அது அவமானமாகிவிட்டது. 'நம்ம தறியில அறுக்கற லுங்கி ரெண்டு மீட்டர்னா ரெண்டு மீட்டர். இதுக்கு இன்னாத்துக்கு டேப்பு?' என்றார். நடுவறையில் திரையாகத் தொங்கிய மூட்டாத லுங்கியை உருவி, அவர் ஏணியில் நின்று ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து, மேல் சுவரிலிருந்து தெருப்பக்கம் வரை அளந்தோம். சரியாக மூன்று லுங்கி. மூன்று இரண்டு ஆறு. மூன்று வருடம் படித்த கணிதம் அன்றைக்குத்தான் வீட்டுக்கு உதவியது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 'ஆறு மீட்டர்' என்று மெசேஜ் அனுப்பினேன்.

கிருத்திகைக்கு மறுநாள் காலை வாசலில் ஒருவர் வந்து நின்றார். மொட்டைத்தலை, சந்தனம், மீசையும் இல்லை, மஞ்சள் வேட்டி. நம் தெருவில் அந்த மூன்று நாளும் அப்படித்தான் ஆயிரம் பேர் போவார்கள், நாமும் மோர் கொடுப்போம் அல்லவா? நான் முகத்தைப் பார்க்காமல் ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு நின்றார். தாகம் தீரவில்லை போல என்று இன்னொன்று கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூன்றாவதும் கொடுத்து, கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். மறுநாளும் அவரே வந்தார், அன்றும் மோர்தான். அன்று சாயங்காலம் போன் வந்தது. 'வேலை வேணாம்னா நேரா சொல்லிடும்மா. தெனிக்கும் மோர் குடுத்துத் தொரத்தறியே' என்றார் நாகேந்திரன் அண்ணன். அம்மா சிரித்த சிரிப்பில் தெருவே வந்துவிட்டது. இரண்டு நாள் நான் அறையைவிட்டு வரவில்லை.

ஷீட்டை அரக்கோணத்திலிருந்து காதர் பாய் வண்டியில் கொண்டுவந்தார். பின்னால் சிவப்புத் துணி கட்டி, இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் அரக்கோணத்திலேயே ஒரு முனை இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே இறக்கினார். பழைய தகரத்தைப் பிரித்துவிட்டுப் புது ஷீட்டை மேலே ஏற்றினால், எல்லாம் தெருப்பக்கம் இரண்டு அடி நீட்டிக்கொண்டு நின்றன. நாகேந்திரன் அண்ணன் மேலேயிருந்து என்னைப் பார்த்தார். நான் நைனாவைப் பார்த்தேன். நைனா நடுவறைத் திரையைப் பார்த்தார். அம்மாதான் உள்ளே போய், தறியிலிருந்து அன்று அறுத்த புது லுங்கியைக் கொண்டுவந்து அந்தத் திரையின் மேல் போட்டுக் காட்டினார். எட்டு வருடம் துவைத்ததில் திரை ஒரு சாண் சுருங்கியிருந்தது. மூன்று லுங்கிக்கு மூன்று சாண். 'கணக்குப் படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு நானும் அளக்கல' என்றார் நாகேந்திரன் அண்ணன். வெட்டிவிடலாமா என்று கேட்டார். அதற்குள் மேகம் இறங்கிவிட்டது, கூரையில்லாமல் பாவு வெட்டவெளியில் கிடந்தது. நைனா, 'வால் இருக்கட்டும், மொதல்ல மூடு' என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுவே முதல்முறை. நாகேந்திரன் அண்ணனும் ஆட்களும் மேட்டில் மட்டும், வாஷர் போட்டு, ஒவ்வொரு திருகாணியாக இறக்கிக்கொண்டே போனார்கள். கடைசி ஷீட் உட்காரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

அதே நேரத்தில் எதிர்வீட்டு யோகலட்சுமி அக்கா சண்டைக்கு வந்தார். எங்கள் வாலிலிருந்து விழும் தண்ணீர் தன் வாசலுக்குத்தான் தெறிக்கும் என்று ஆரம்பித்தார். மழை வலுத்தது. நனையாமலிருக்க வாலுக்கு அடியில் வந்து நின்றுகொண்டு மீதியைத் திட்டினார். தெருமுனையில் பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் ஓடி வந்து ஒண்டினார்கள். மொத்தம் பதினோரு பேர். அவர்கள் எல்லோரும் கூரையைப் புகழ, அக்காவுக்குத் திட்டுவதற்கு ஆள் சேரவில்லை. கடைசியில், 'போட்டதுதான் போட்டீங்க, இன்னும் ஒரு அடி போட்டா இன்னா?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே அம்மா பழக்கதோஷத்தில் ஏழு பாத்திரங்களை வரிசையாக வைத்திருந்தார். நைனா பாவின் பக்கத்தில் அண்ணாந்து நின்றார். மழை மேலே தடதடவென்று அடிக்கிறது, பேசினால் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து நைனா பாவைக் கையால் தடவிப் பார்த்து, 'சத்தம் மட்டும்தான்டி வருது' என்றார். ஏழு பாத்திரமும் காய்ந்தே கிடந்தன. ஒரு சொட்டும் இறங்கவில்லை பாவா. இனி எந்த மழைக்கும் இறங்காது. எனக்கு அழுகை வந்தது, நாகேந்திரன் அண்ணன் பார்க்கும்முன் மோர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

ஆகையால் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, லீவு போட்டு வரவும் வேண்டாம். அக்காவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். தணிகைமலை முருகன் உங்கள் இருவரையும், உங்கள் வீட்டுக் கூரையையும் சேர்த்தே காக்கட்டும்.

அன்புள்ள,
சினேகா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். 'இனி எந்த மழைக்கும் இறங்காது' என்ற வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். பொட்டு வெளிச்சம்கூட வராத கூரைக்கு அடியில் நைனா இன்று நெய்ய உட்கார்ந்தார். டியூப்லைட்டில் அவருக்குப் பச்சை இழையும் நீல இழையும் ஒன்றாகத் தெரிகின்றன. இத்தனை வருடமும் அந்த ஓட்டைகள் வழியாக வந்த வெயிலில்தான் நெய்திருக்கிறார் என்பது எங்கள் யாருக்கும், அவருக்குமே, தெரியாது. நாகேந்திரன் அண்ணனைக் கூப்பிட்டு, சரியாகத் தறிக்கு மேலே இருந்த ஷீட்டைக் கழற்ற வைத்துவிட்டார். அந்த இடத்தில் போடுவதற்கான, வெளிச்சம் மட்டும் விடும் கண்ணாடி ஷீட் வெள்ளிக்கிழமைதான் வருமாம். நைனா பாட்டுப் பாடிக்கொண்டு நெய்கிறார். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. வேண்டாம் என்று எழுதியிருந்த லீவைப் போட்டுவிட்டு உடனே வரவும். ஒரு பெரிய குடை கொண்டுவரவும். இப்போது நான் பிடித்துக்கொண்டிருக்கும் குடை தறிக்குப் பாதிதான் எட்டுகிறது.