ஒரு லீற்றர் குடிநீர்த் திட்டம்

டிக்கோயாவுக்கு மேலே, பஸ் ஏறாத உயரத்தில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில், போன ஆடி மாதம் ஒரு கம்பியூட்டருக்குச் சூடு அதிகமாகிவிட்டது என்று அதன் உரிமையாளர் முடிவுக்கு வந்தார். அன்று காலையில் லயத்தில் யார் வாய் திறந்தாலும் புகை வந்தது. கொடியில் போட்ட துணி நான்கு நாளாகக் காயவில்லை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

உரிமையாளர் பெயர் வினோஜன். ஹட்டனில் ஓர் உப அலுவலகத்தில் குடிநீர் சம்பந்தமான விண்ணப்பங்களை வாங்கி வைக்கும் எழுதுநர். வாங்குவான், பிறகு வைப்பான். வைத்தது எடுக்கப்பட்டதாக அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பான். கம்பியூட்டர் அதற்காக வாங்கியது. அது ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. அதுதான் அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. யூடியூபில் பார்க்கிற கம்பியூட்டர்களுக்குள் கண்ணாடிக் குழாய்கள் ஓடின. குழாய்க்குள் நீலத்திலும் சிவப்பிலும் தண்ணீர் ஓடியது. அவனுடையதில் ஒரு காற்றாடி சுற்றியது, அவ்வளவுதான்.

ஹட்டனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ரிஸ்வி நானாவிடம் யோசனை கேட்டான். அவர் நேர்மையான வியாபாரி. சூடு எத்தனை பாகை என்று கேட்டார். ஐம்பத்திரண்டு என்றான். "தம்பி, இந்த ஊர்ல கம்பியூட்டருக்குச் செலவு பண்றதுன்னா ஸ்வெட்டர்தான் வாங்கிப் போடணும்" என்றார். வினோஜனுக்கு மனம் நொந்துபோனது. இவர் பழைய ஆள், நவீன குளிரூட்டல் பற்றி என்ன தெரியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அவனுடைய மனைவி தனுஷிகா தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவள் வந்து பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

சிக்கனமாகச் செய்வது என்பதில் வினோஜன் உறுதியாக இருந்தான். வளைத்துப் பொருத்தும் கண்ணாடிக் குழாய் கைவிடப்பட்டது; உள்ளே தெரியும் சாதாரண மென்குழாய் போதும். புது ரேடியேட்டர் கைவிடப்பட்டது. பழைய இரும்புக் கடையில் ஒரு ஜப்பான் வேனின் ஹீட்டரிலிருந்து கழற்றிய செம்பு ரேடியேட்டர் கிடைத்தது. அதற்குள் வினாகிரி ஊற்றி மூன்று நாள் குலுக்கினான். வீடே ஊறுகாய் மணத்தது. மிச்சம் இருந்தது பம்ப், சின்னத் தண்ணீர்த் தாங்கி, மூளைச் சில்லின் மேல் உட்காரும் செம்புக் கட்டி, மூன்று மீற்றர் குழாய். இவற்றைச் சீனாவிலிருந்து தபாலில் வரவழைத்தான். வந்தது பொதி அல்ல, ஒரு துண்டுக் கடிதம். நேரில் வரும்படி அதில் எழுதியிருந்தது.

பொதிகளைத் திறந்து பார்க்கும் அலுவலகத்துக்கு ஒரு நாள் லீவு போட்டு மலையிறங்கிப் போனான். அங்கே இருந்த அதிகாரி கோபக்காரர் அல்ல. சிங்களத்தில் மெதுவாக, ஒரு பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார். பம்ப் தனியாக வந்தால் அது இயந்திரம். தாங்கி தனியாக வந்தால் பாத்திரம். குழாய் தனியாக வந்தால் குழாய். மூன்றும் ஒரே பெட்டியில் வந்தால் அது நீர் வழங்கல் தொகுதி. அதற்கு உள்ளூர் அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பம்ப் இரண்டு தீப்பெட்டி உயரம்தானே என்று வினோஜன் காட்டினான். சட்டத்தில் உயரம் சொல்லப்படவில்லை என்று அதிகாரி வருத்தத்துடன் தெரிவித்தார்.

உள்ளூர் அலுவலகம் என்றால் அவனுடைய அலுவலகம். குடிநீர் மேசை என்றால் அவனுடைய மேசை. மறுநாள் தன்னிடமே படிவம் வாங்கித் தானே நிரப்பினான். ஏழாவது கட்டம் வரை ஒழுங்காகப் போனது. ஏழாவது கட்டம்: பயன்பெறும் குடும்பங்கள், இருபதுக்குக் குறையாமல். இந்த விதியை மூன்று வருடத்துக்கு முன் முன்மொழிந்தவன் அவனேதான். அதன் பிறகு வரும் விண்ணப்பங்கள் பாதியாகக் குறைந்ததால் அவனுக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் கிடைத்திருந்தது.

மேலதிகாரி நல்லமுத்துவிடம் போய் நின்றான். அவருக்கும் அப்போது ஒரு கஷ்டம். காலாண்டு அறிக்கை அனுப்ப ஐந்து நாள் இருந்தது. நிறைவேறிய குடிநீர்த் திட்டங்கள் என்ற இடம் வெறுமையாக இருந்தது. படிவத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

"உங்க லயத்துல எத்தன வீடு?"

"இருபதுங்க சேர். ஆனா இது கம்பியூட்டருக்குங்க."

"கம்பியூட்டர் எங்க இருக்கு?"

"லயத்துலதாங்க."

"அப்ப தண்ணி லயத்துக்குத்தானே போகுது?"

வினோஜன் யோசித்தான். அவனுடைய அலுமாரியில் அதே மேல் லயத்தார் குழாய் கேட்டுக் கொடுத்த மனு ஆறு வருடமாக இருந்தது. இருபது வீட்டுக்கும் ஒரே பீலி. மலையிலிருந்து மூங்கில் வழியாக விழும் தண்ணீர். காளியாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்மணிதான் மனுவில் முதல் கையெழுத்து. நல்லமுத்து அந்த மனுவின் கோவையையே எடுத்துவரச் சொன்னார். புதிதாக ஒன்று திறந்தால் இலக்கம் வாங்க மூன்று மாதமாகும், இதில் இலக்கம் தயாராக இருக்கிறது என்றார். கையெழுத்துப் போடும்போது வினோஜன் காளியாயியின் கையெழுத்தை விரலால் மறைத்துக்கொண்டான். பொதி வந்து சேர்ந்ததும் அதையும் மறந்துவிட்டான்.

எல்லாவற்றையும் கம்பியூட்டரில் பூட்டி முடித்து, பெட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் ஒரு லீற்றர் ஊற்றினான். ஒழுகுகிறதா என்று பார்க்க மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ சுற்றி ஒரு பகல் முழுக்கக் காவல் இருந்தான். ஒழுகவில்லை. சிவப்பு லைட்டைப் போட்டான். தண்ணீர் சுற்றியது. சூடு ஐம்பத்திரண்டிலிருந்து நாற்பத்தேழுக்கு இறங்கியது. கல்யாண வீடியோ முன்பு எடுத்த அதே நேரத்தைத்தான் எடுத்தது. வினோஜன் வீடியோவைப் பார்க்கவில்லை, குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் ஒன்றைத் தொடங்கி முடித்த சந்தோஷம் அவனுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் நல்லமுத்து, நுவரெலியாவிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு திட்டத்தைப் பார்வையிட வந்தார். பெரிய அதிகாரி தொப்பியும் கையுறையும் போட்டிருந்தார். அறைக்குள் குனிந்து நுழைந்து கம்பியூட்டர் பெட்டியின் கண்ணாடிப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். தண்ணீர் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டார். லைட் என்று வினோஜன் சொல்வதற்குள், கிருமி நீக்கம் என்று நல்லமுத்து சொல்லிவிட்டார்.

"ஒரு லீற்றர் இருபது குடும்பத்துக்குக் காணுமா?"

இதற்கு நல்லமுத்து தயாராக வந்திருந்தார். பம்ப் மணிக்கு முந்நூறு லீற்றர் தள்ளுகிறது. நாளுக்கு ஏழாயிரத்து இருநூறு. இருபதால் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு முந்நூற்று அறுபது லீற்றர். வீண்விரயம் ஒரு சொட்டும் இல்லை. பெரிய அதிகாரி கணக்கைக் கைப்பேசியில் சரிபார்த்தார். சரியாக இருந்தது. தன் முப்பது வருடச் சேவையில் தண்ணீர் கசியாத திட்டத்தை இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லி வினோஜனின் கையைக் குலுக்கினார். வினோஜன் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் பொய்ப் பிரகடனம் என்று வேலை போகும், கம்பியூட்டரும் போகும். எது முதலில் ஞாபகம் வந்தது என்பதை அவன் பிற்பாடு தனுஷிகாவிடம் சொல்லவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னான்.

பத்து நாளில் இருபது வீட்டுக்கும் கடிதம் வந்தது. தங்கள் நீண்டநாள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டுள்ளது. நீர் வழங்கல் நிலையம், வினோஜன் அவர்களின் இல்லம். நாளொன்றுக்கு முந்நூற்று அறுபது லீற்றர். இந்தக் கோவை இத்துடன் மூடப்படுகிறது. கீழே எழுதுநரின் கையெழுத்து. எழுதுநர் தன் வீட்டுக்கு வந்த கடிதத்தையும் தானே பிரித்து வாசித்தான்.

மறுநாள் விடிந்ததும் காளியாயி குடத்தோடு வாசலில் நின்றாள். மறு கையில் கடிதம், பொலித்தீன் உறையில் போட்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒன்பது குடங்கள். வினோஜன் அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள். பார்க்க வடிவாக இருக்கிறது என்றாள். பிறகு குடத்தைக் கீழே வைத்தாள்.

கடிதம் பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், அதில் கையெழுத்துப் போட்ட ஆள். இரண்டு தண்ணீர்க் கான்களைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனான். நிரப்பிக்கொண்டு வந்து ஊற்றினான். மறுபடி போனான். பத்தாவது குடம் நிறைந்தபோது அலுவலகத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டது. மறுநாள் பதினைந்து குடம். அடுத்த திங்கட்கிழமை இருபதும் வந்தன. இருபதாவது குடத்தோடு வரிசையில் நின்றவள் தனுஷிகா. அவள் கையிலும் கடிதம் இருந்தது.

கம்பியூட்டரைப் போட அவனுக்கு நேரமில்லாமல் போனது. அது முழுதாகக் குளிர்ந்துவிட்டது. அடுத்த காலாண்டு முடிவில் ஓர் உத்தியோகத்தர் வந்து வாசலில் நின்ற வரிசையைப் படம் பிடித்து, திட்டம் சிறப்பாக இயங்குகிறது என்று எழுதிக்கொண்டு போனார். பக்கத்துத் தோட்டத்துக்கும் இதே மாதிரி ஒன்றுக்குச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். அங்கேயும் ஓர் எழுதுநரைத் தேடுகிறார்கள்.

ஒருநாள் கான்களை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கியபடி வினோஜன் காளியாயியைக் கேட்டான். பீலி அவளுடைய வீட்டிலிருந்து இருபது அடி. அவனுடைய வீடு லயத்தின் மறு கோடி. பீலியைத் தாண்டித்தான் அவள் இங்கே வருகிறாள். வரிசையில் அரை மணித்தியாலம் நிற்கிறாள், அதே தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அதே பீலியைத் தாண்டித் திரும்பிப் போகிறாள். அங்கேயே பிடித்துக்கொண்டால் என்ன?

காளியாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"பீலித் தண்ணிக்குக் கடுதாசி இல்லீங்களே, தம்பி" என்றாள். "நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா, நாங்க தண்ணி குடிச்சோம்னு எதக் காட்டுறது?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வினோஜனும் ஆட்டினான்; அலுவலகப் பழக்கம். பிறகு அடுத்த கடிதத்தை வாங்கி, இலக்கத்தைச் சரிபார்த்து, கான்களைத் தூக்கினான்.