ஆயிரம் நாள் கோளாறில்லாத விமானம்

ஒரு விமான நிறுவனம் கோளாறுகளை அடியோடு ஒழிப்பதென்று தீர்மானித்தது. நல்ல தீர்மானம்தான். அதற்கென்று தர மேலாளர் ஒருவரை நியமித்தார்கள். அவர் விமானத்தைப் பார்க்கவில்லை, பதிவேட்டைப் பார்த்தார்.

பறக்கும்போது என்ன கோளாறு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விமானிகளிடம் ஒரு கையேடு உண்டு. கோளாறு வந்தால் அதன் பக்க எண்ணைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். கோளாறுகளில் பாதி பதினான்காம் பக்கத்திலிருந்தே வருகின்றன என்பதை மேலாளர் கண்டுபிடித்தார். எல்லாக் கையேடுகளிலிருந்தும் அந்தப் பக்கத்தை உருவும்படி ஆணையிட்டார். பக்கம் இல்லாததால் யாராலும் எண்ணைக் குறிக்க முடியவில்லை. கோளாறு பாதியாகக் குறைந்தது. அவருக்குப் பதவி உயர்வு வந்தது. பிறகு ஒன்பதாம் பக்கம் போனது, இருபதாம் பக்கம் போனது. கடைசியில் கையேட்டில் மிஞ்சியது அட்டையும் தலைவரின் வாழ்த்துரையும்தான்.

அன்றிலிருந்து ஒரு கோளாறும் இல்லை. ஆயிரமாவது நாள் மாலை ஐந்து மணிக்கு விழா. அன்று பகல் பதினொன்றே காலுக்கு, நூற்று அறுபத்திரண்டு பயணிகளோடு பறந்துகொண்டிருந்த ஒரு விமானத்தில், துணை விமானியான பெண்ணின் கண்ணெதிரே மஞ்சள் விளக்கு எரிந்தது.

“கேப்டன், எண்ணெய் இறங்குது.”

சக்கரத்தை இறக்குவதும் பிரேக் பிடிப்பதும் அந்த எண்ணெயின் அழுத்தத்தால்தான்.

“இறங்குற மாதிரி தெரியுதுன்னு சொல்லும்மா” என்றார் கேப்டன். அவர் ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தது.

“பாதி இருந்துச்சு. இப்ப கால்வாசி. எந்த மாதிரி சொன்னாலும் கால்வாசிதான்.”

கேப்டன் கையேட்டை எடுத்து வாழ்த்துரையை முழுசாகப் படித்தார். ‘நம்பிக்கையே நமது எரிபொருள்’ என்று தலைவர் சொல்லியிருந்தார். எண்ணெயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் தலைமையகத்தைக் கூப்பிட்டார். தர மேலாளரே பேசினார்.

“எந்தப் பக்கம்?”

“பதினாலு சார்.”

“அப்படி ஒரு பக்கமே இல்லையே.”

“பக்கம் இல்ல சார். விளக்கு எரியுது.”

“இல்லாத பக்கத்துக்கு எப்படிங்க விளக்கு எரியும்? பல்பைக் கழட்டிப் பாருங்க.”

கேப்டன் கழற்றினார்.

“அணைஞ்சிருச்சு சார்.”

“பாத்தீங்களா? பதறாம இருந்தா எல்லாம் தானா சரியாயிடும்.”

எண்ணெய் அரைக்காலுக்கு வந்திருந்தது. அவளால் பொறுக்க முடியவில்லை.

“சார், பக்கத்துல ஒரு விமான நிலையம் இருக்கு. இருபது நிமிஷத்துல இறங்கிடலாம்.”

“யாரு, அந்த நிரந்தரமாகாத பொண்ணா? உன் ஃபைல் என் மேஜை மேலதான் இருக்கும்மா, நாளைக்குக் கையெழுத்து. இன்னும் ரெண்டு மணி நேரம்தான, நேரா வந்து சேருங்க.”

“ரெண்டு மணி நேரம் கழிச்சு சக்கரம் இறங்காது.”

“அத அப்பப் பாத்துக்கலாம். அப்பவும் மணி ஒன்னேகால்தான ஆகும்? விழா அஞ்சுக்குத்தான்.”

பயிற்சியில் அவள் இரண்டு முறை தோற்றது அந்தப் பதினான்காம் பக்கத்தில்தான். அதனால் அது தலைகீழாகவே தெரியும். மிச்ச எண்ணெயும் போய்விடாமல் பம்பை அணைத்தாள். பக்கத்து விமான நிலையத்தைக் கூப்பிட்டு, அவசரம், ஓடுபாதையைக் காலி பண்ணுங்க என்றாள்.

“நான் எதையும் கேக்கலம்மா” என்று சொல்லிவிட்டுக் கேப்டன் விமானத்தை அந்தப் பக்கம் திருப்பினார். ஓட்டத் தெரியாதவர் இல்லை, வாய் திறக்கத்தான் தெரியாது.

தரை நெருங்கியதும் அவள் இருக்கைக்குப் பின்னால் தரையிலிருந்த மூடியைத் திறந்து, சக்கரங்களைக் கையால் விடுவிக்கும் மூன்று கைப்பிடிகளையும் பலங்கொண்டு இழுத்தாள். சக்கரங்கள் தம் பாரத்திலேயே தொப்பென்று விழுந்து பூட்டிக்கொண்டன. விமானம் ஓடுபாதையின் கடைசி வரைக்கும் ஓடி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

இறங்கிய பயணிகளில் கண்ணாடி போட்ட ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். “தங்கச்சி, எனக்கு உயிர் குடுத்திருக்கே.”

கால் மணி நேரத்தில் தலைமையகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ‘சிற்றுண்டி அருந்தும் பொருட்டு வழியில் இறங்கினோம். வேறொன்றும் நிகழவில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறோம்.’ கையெழுத்துப் போடுபவர்களுக்கு ஒரு வருடத்துக்கு முன்வரிசை இருக்கை. வரிசையில் முதல் ஆள் கண்ணாடிக்காரர்.

“அண்ணே, இப்பதான என் கையப் பிடிச்சு அழுதீங்க?”

“அது அழுகைம்மா. இது சீட்டு.”

நூற்று அறுபத்திரண்டு பேரும் போட்டார்கள். கைக்குழந்தைக்குத் தனிப் படிவம் கேட்டு ஒரு அம்மா சண்டை பிடித்தாள். கேப்டனும் போட்டார். பிறகு அவள் போன் அடித்தது.

“நூத்தி அறுபத்திரண்டு பேர் ஒன்னும் நடக்கலங்கிறாங்க” என்றார் மேலாளர். “நீ மட்டும் நடந்துச்சுங்கிற. அப்ப கோளாறு விமானத்துலயா, உங்கிட்டயா? ஃபைலத் திறந்து வச்சுட்டுதான் கேக்குறேன்.”

அவள் படிவத்தை எடுத்தாள். ஆறு மாதம் காத்திருந்த வேலை. போட்டாள்.

பிறகுதான் மெக்கானிக் பெட்டியோடு வந்தார். “என்னம்மா கோளாறு?”

அவள் படிவத்தை நீட்டினாள்.

“சிற்றுண்டியா? அதுக்கு நான் எதுக்கு?”

“அண்ணே, கீழ பாருங்க. ஒழுகுது.”

“பாத்துட்டேன்மா. என் செருப்பே நனைஞ்சிருச்சு. ஆனா எழுத்துல வந்தாத்தான் பெட்டியத் திறக்கலாம். ஒரு வரி எழுதிக் குடு, அரை நாள்ல சரி பண்ணிடுறேன்.”

அவள் பேனாவைத் திறந்தாள். அரை நாள் என்ற சொல் எப்படியோ பயணிகள் காத்திருந்த கூடத்துக்குள் போய்விட்டது. நூற்று அறுபத்திரண்டு பேரும் பைகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டை நோக்கி முண்டியடித்தார்கள். முதலில் ஏறி முன்வரிசையில் பெல்ட்டை மாட்டிக்கொண்ட கண்ணாடிக்காரர், கதவுப் பக்கம் தலையை நீட்டிக் கத்தினார்.

“ஏம்மா, அங்க என்ன எழுதிக்கிட்டு நிக்குற? எங்களுக்கு வேற வேலை இல்லையா? கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?”

மற்றவர்கள் கை தட்டினார்கள். அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படியேறினாள்.