புருவம் உயர்த்திய விவகாரம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் என் தங்கையின் கணவர் என்பதை இக்கடிதம் முடியும்வரை ஒதுக்கிவைத்திருக்கிறேன். தங்கள் பல்கலைக்கழகமும் என் மகள் படிக்கும் பள்ளியும் சேர்ந்து நடத்தும் ‘குடும்ப வாசிப்பு’த் திட்டத்துக்குத் தாங்களே பொறுப்பாளர் என்பதால் தங்களுக்கே எழுத நேர்ந்தது. என் குறைகள் பின்வருமாறு:

1. ஜூன் 3: பள்ளியில், எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலியில் என்னை உட்காரவைத்தது. பாலங்களை ஆய்வு செய்யும் பொறியாளன் என்ற முறையில், அது தாங்காது என முன்கூட்டியே எச்சரித்தேன். தாங்கவில்லை.

2. ஜூன் 10: என் புருவத்தைப் பற்றி அறிக்கையில் எழுதியது.

3. ஜூன் 24: என் கையில் கம்பளி நூலும் இரண்டு ஊசிகளும் கொடுத்தது.

4. ஜூலை 22: குறை சொல்ல ஏதுமில்லாத நிலைக்கு என்னைத் தள்ளியது. இதுவே ஆகக் கடுமையானது.

இனி விளக்கம். என் மகள் மனத்துக்குள் வாசிப்பாள். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவாள். வகுப்பில் தன் முறை வரும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். இப்படியே போனால் பேச்சும் குறைந்துவிடுமோ என்று எங்களுக்குக் கவலை. இதற்கு மருந்தாகத் தாங்கள் அனுப்பிவைத்தது ஒரு பயிற்சி மாணவியை. இருபது வயது இருக்கும். விரிசல் கண்டுபிடிப்பதற்கென்றே அரசிடம் சம்பளம் வாங்கும் எனக்கு அவர் விதித்த முதல் விதி: பிள்ளை வாசிக்கும்போது பெற்றோர் பிழை கண்டுபிடிக்கக் கூடாது, “அப்புறம்?” என்று மட்டும் கேட்கலாம். ஒப்புக்கொண்டேன். மகள் முதல் வரியிலேயே ஒரு சொல்லை விழுங்கினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தொண்டையை மட்டும் செருமினேன்.

“சார், அதுவும் திருத்தம்தான்.”

“தூசிம்மா.”

“அப்ப புருவம்?”

“புருவத்துக்கு என்ன?”

“மேல போச்சு சார். பாப்பா புத்தகத்தையே பாக்கல, உங்க புருவத்தைத்தான் பாக்குறா.”

சொல்லிக்கொண்டே அதைத் தன் அறிக்கையில் குறித்தார். பரிந்து பேசுவாள் என்று மனைவியின் பக்கம் திரும்பினேன். “நல்லா எழுதிக்கோம்மா. கல்யாணமான நாள்லேருந்து நானும் அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்” என்றாள்.

அடுத்த வாரம் மாணவி எங்கள் வீட்டுக்கே வந்தார். என் முகம் தெரியாதபடி என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். சுவரில், சன்னலுக்கு மேலே, ஒரு விரிசல் இருந்தது. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, “இங்க ஒரு விரிசல்” என்றேன். தன் வாசிப்பைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து மகள் புத்தகத்தை மூடிவிட்டாள். மாணவி தலையில் கைவைத்துக்கொண்டார். மனைவி என்னைப் பார்த்த பார்வையைத் தாங்கள் நேரில் கண்டிருக்க வேண்டும். அதன் பிறகுதான் என் கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுப்பதற்காக அந்தக் கம்பளி நூல் வந்தது. பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். மாணவியரும் மனைவியரும் சேர்ந்துவிட்டால் ஒரு முதுநிலைப் பொறியாளனால் என்ன செய்ய முடியும்?

பின்னினேன். தவறாகப் பின்னினேன்.

“அப்பா, கீழ ஒரு கண்ணி விட்டுட்டீங்க.”

“எங்க?”

“அதோ. பரவாயில்லப்பா, மெதுவா பண்ணுங்க.”

பரவாயில்லை என்று என்னிடம் சொல்கிறாள்! நான் அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவள் பாட்டுக்கு ஒரு பக்கம் வாசித்தாள். அடுத்த வாரம் இரண்டு பக்கம். ஜூலை 22 அன்று, வழி தவறிய ஆமையின் கதை ஒன்றை முழுவதுமாக, வாய்விட்டு, எங்கள் கூடத்தில் வாசித்தாள். அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த குழாயை மனைவி நிறுத்தினாள். கதை முடிந்தது. எனக்கு அனுமதிக்கப்பட்டிருந்ததோ ஒரே ஒரு சொல். “அப்புறம்?” என்றேன்.

“அவ்வளவுதான்பா, முடிஞ்சிடுச்சு” என்று சிரித்தாள்.

எத்தனை இடங்களில் தடுக்கினாள் என்று தாங்கள் கேட்டால் எனக்குத் தெரியாது. ஓர் ஆய்விலிருந்து கையில் எந்தக் குறிப்பும் இல்லாமல் நான் எழுந்தது அதுவே முதல் முறை. இப்போது வீட்டில் அமைதி என்பதே இல்லை. மருந்துப் புட்டியை வாசிக்கிறாள். பேருந்தில் பலகைகளை வாசிக்கிறாள். என் ஆய்வறிக்கையை மாடி வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டி, “ஏம்ப்பா இந்த வரி மூச்சே விடாம போகுது?” என்று அவர் முன்னாலேயே கேட்கிறாள். அவர் அவளுக்கு ஆதரவாகத் தலையாட்டுகிறார்.

ஆகவே, மேற்படித் திட்டத்தின் மீது உரிய நடவடிக்கை எடுக்குமாறு கோருகிறேன். தங்கைக்கு என் ஆசிகள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தங்களுக்கு, தங்கள் பதவிக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு மரியாதை.

இப்படிக்கு,
முதுநிலை ஆய்வுப் பொறியாளர், பாலங்கள் பிரிவு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பள்ளியிலிருந்து அறிவிப்பு ஒன்று வந்தது. “ஆய்வுக்குத் தேவையான தரவுகள் கிடைத்துவிட்டபடியால் திட்டம் இப்பருவத்தோடு நிறைவடைகிறது.” கீழே தங்கள் கையெழுத்து. மாப்பிள்ளை, மேலே எழுதிய நான்கு குறைகளையும் இத்துடன் ரத்து செய்கிறேன். இனி என் குறை இது ஒன்றே. தரவு தங்களுக்குக் கிடைத்துவிட்டது. என் மகளோ அடுத்த புத்தகத்தின் நடுப்பக்கத்தில் நிற்கிறாள். “மாமாகிட்ட சொல்லுங்கப்பா, இன்னும் பாதி இருக்கே” என்கிறாள். அவளுக்குப் பக்கத்து மேசைப் பெண் போன வாரம்தான் முதன்முதலாக ஒரு வரி வாசித்தாள். அவளுடைய அப்பா இன்னும் சுவரைப் பார்த்து உட்காரும் கட்டத்தில்தான் இருக்கிறார். அளவெடுத்தாயிற்று என்று ஆற்றின் நடுவில் ஆட்களை நிறுத்திவிட்டுப் போகும் வழக்கம் எங்கள் பிரிவில் இல்லை. திட்டம் அடுத்த பருவமும் நடக்கும் என்பதை ஆகஸ்ட் 21, மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் உறுதிசெய்யவும். தங்கையிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பும் பதில் ஏற்கப்படமாட்டாது.