மேஸ்திரியின் மூக்கு

எரிந்து புகைகிற பிளாஸ்டிக் துண்டை மூக்குக்குக் கீழே பிடித்து மூன்றாவது தடவையாக இழுத்துப் பார்த்தான் அருணகிரி. ஒன்றும் வரவில்லை. மீசையில் இரண்டு முடி கருகியது. அந்த நாற்றமும் வரவில்லை.

ஆடிக் காற்றில் பிடித்த ஜலதோஷம். பிடித்தது தப்பில்லை, மூக்கைப் பிடித்ததுதான் தப்பு. புதுச்சத்திரத்தில் சின்னுசாமியின் பிளாஸ்டிக் மில்லில் அவனுக்கு மேஸ்திரி என்று பெயரே தவிர, சம்பளம் மூக்குக்குத்தான். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, மணி மணியாக வெட்டி, குடம் செய்கிறவர்களுக்கு விற்கிற மில் அது. வருகிற சரக்கில் ஒரு துண்டை எரித்து முகர்ந்து பார்ப்பான். மெழுகுவத்தி வாசம் வந்தால் குடத்துச் சரக்கு, உள்ளே போகலாம். காரம் மூக்கில் ஏறினால் செருப்புச் சரக்கு. அது ஒரு கூடை உள்ளே போனாலும் மிசின் கருகி அடைத்துக்கொள்ளும்.

போன மாதம் ஒரு தடவை அடைத்துவிட்டது.

"இன்னொருக்கா அடச்சுதுன்னா நீ எருமப்பட்டிக்கே போயி உங்கண்ணன் காட்டுல வெங்காயம் நடு," என்று சின்னுசாமி அன்றைக்கே சொல்லிவிட்டார். அண்ணன் காட்டில் வெங்காயம் நடுவதைவிட அண்ணியின் வாயில் விழுவதுதான் அருணகிரிக்குப் பயம்.

இன்றைக்குப் பார்த்துச் சேலத்திலிருந்து ரஷீத் வேனில் பத்து மூட்டை கொண்டுவந்து இறக்கியிருந்தான். எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கிய துண்டு. கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தீயைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், உச்சி வெயிலில் அதன் நிறம் தெரியாது. நின்று எரிவது குடம், தானே அணைவது செருப்பு; ஆனால் காற்று எல்லாத் தீயையும் ஒரேமாதிரி அணைத்தது. உள்ளே போய்ப் பற்றவைத்தால் மில்லே பற்றிக்கொள்ளும்.

"ஒம்போது மூட்டை குடம் உடைச்சதுண்ணே. இந்தப் பத்தாவது மட்டும் செருப்பு. ஈரோட்டுக்குப் போவுது, அதைத் தொடாதீங்க," என்றான் ரஷீத்.

"அதை நான் சொல்லணும்," என்றான் அருணகிரி. வியாபாரி வாயால் சொல்வதை நம்புகிறவன் மேஸ்திரி இல்லை.

ஓரமாகப் போய் நீலகிரித் தைலத்தை இரண்டு நாசியிலும் ஊற்றினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கு திறக்கவில்லை. தும்மல் மட்டும் கிளம்பியது. அதுவும் முழுசாக வராமல், வருகிறமாதிரி வந்து பாதியில் நின்றது.

தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். குடத்துத் துண்டு மிதக்கும், செருப்புத் துண்டு மூழ்கும். ஆனால் மழை பொய்த்த எண்பத்து மூன்றில் மில் தொட்டி ஒரு மாதமாகக் காய்ந்து கிடந்தது. அங்கே இருந்த ஒரே தண்ணீர் வேலைக்காரர்கள் குடிக்கிற குடம். யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை அதில் போட்டான். துண்டு சுழன்றது. மிதக்கிறதா மூழ்குகிறதா என்று தெரிவதற்குள் சுற்றி நுரை கட்டியது.

"அட கெரகமே! பூச்சிமருந்து டப்பாத் துண்டைக் குடிக்கிற தண்ணியில போடறாரு பாருங்க!" என்று பின்னால் ஒரு குரல் அலறியது. சரக்குப் பிரிக்கிற குப்பாயி. பெண்கள் ஓடிவந்தார்கள். குடம் கவிழ்ந்தது. இனி சாயங்காலம்வரை குடிக்கத் தண்ணீர் இல்லை.

அப்போதுதான் அருணகிரிக்கு யோசனை வந்தது. குப்பாயி ஆறு வருஷமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எரித்துப் பார்க்கப் பார்க்கச் சரக்கை இரண்டு குவியலாகப் பிரிக்கிறவள். ஒருநாளும் தப்பு விட்டதில்லை. அவளைச் சுவர் மறைவுக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, எனக்கு இன்னைக்கு மூக்கு அடைச்சிருக்குது. மொதலாளிக்குத் தெரியக்கூடாது. நான் எரிக்கிறேன், நீங்க பார்த்துச் சொல்லுங்க. நல்லதுன்னா முந்தானையை இழுத்துச் செருகுங்க. கெட்டதுன்னா இருமுங்க."

"நானுங்களா?"

"உங்களைவிட்டா ஆருங்கக்கா?"

குப்பாயி இடுப்பிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இழுத்தாள். பொடி போடுகிற மூக்கு, சுத்தமாகத்தான் இருக்கும் என்று அருணகிரி தேறினான்.

"மேஸ்திரி சொன்னாச் செரிங்க," என்றாள்.

சின்னுசாமியும் வந்து நின்றார். அருணகிரி முதல் மூட்டையில் ஒரு துண்டை எடுத்து எரித்து மூக்கருகே கொண்டுபோனான். தும்மல் முட்டியது, முகம் கோணியது, வரவில்லை. எதிரே நின்ற குப்பாயி அவனையே பார்த்தாள். இருமினாள்.

"செருப்பு," என்றான் அருணகிரி.

"அண்ணே, அது குடம்!"

இரண்டாவது மூட்டை. தும்மல் முட்டியது. இருமல். "செருப்பு."

ஒன்பது மூட்டையும் செருப்பாகிவிட்டது. ரஷீத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "மொதலாளி, எங்க ஊட்டுக் குடத்தையே உடைச்சுப் போட்டிருக்கேனுங்க. எம்பொண்டாட்டி ஷம்ஷாத்தை வேணா வந்து கேளுங்க!"

"மூக்கு சொல்லுதப்பா, நான் என்ன பண்ண?" என்றார் சின்னுசாமி.

பத்தாவது மூட்டைத் துண்டை எரித்தபோது தும்மல் வந்தேவிட்டது. வேனே குலுங்குகிறமாதிரி ஒரு தும்மல். காலையிலிருந்து அடைபட்டது அவிழ்ந்த சுகத்தில் அருணகிரியின் முகம் பூவாக மலர்ந்தது. குப்பாயி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பாத்தீங்களா! நல்ல சரக்கை ஈரோட்டுக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கான். இதை உள்ள கொட்டுங்கடா!" என்றான் அருணகிரி.

"அண்ணே, வேண்டாம்! அது செருப்பு, அது செருப்பு!" என்று ரஷீத் மூட்டையைக் கட்டிப்பிடித்தான். பிடுங்கிக்கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

பத்து நிமிஷத்தில் மிசின் இருமியது. மஞ்சளாகப் புகை வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். சின்னுசாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினார். ரஷீத் வேனுக்கே ஓடிவிட்டான். நடுப்புகையில் அருணகிரி மட்டும் நின்று, "ஏனுங்க ஓடறீங்க? வாசம் நல்லாத்தானுங்க இருக்குது!" என்றான்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, வெங்காயம் நடப் போகிறோம் என்று.

மிசினை நிறுத்தி, புகை அடங்கியதும், சின்னுசாமி அவன் சட்டையைப் பிடித்தார். "உனக்கு மூக்கு அவிஞ்சு போச்சாடா?"

"ஜலதோஷமுங்க மொதலாளி. குப்பாயக்காதானுங்க மோந்து சொல்லுச்சு. நான் அப்படியே சொன்னேனுங்க."

எல்லோரும் குப்பாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். புகைக்கு எட்டாத வேப்பமரத்தடியில் அவள் நிதானமாகப் பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, செருப்பு நாத்தம் உனக்குமா தெரியல?"

"பொடி போட்டுப் போட்டு எம்மூக்கு செத்தே பத்து வருசமாச்சுங்க மொதலாளி. மேஸ்திரி மூஞ்சி கோணுச்சுன்னா கெட்டது, தெளிஞ்சுதுன்னா நல்லது, ஆறு வருசமா அதைப் பாத்துத்தானுங்க பிரிக்கிறேன். இன்னைக்கும் அதைப் பாத்துத்தானுங்க சொன்னேன்."