கியர்பெட்டிக்குக் கிடைத்த மரியாதை

ஜார்ஜியாவின் ஒரு சின்ன ஊரில் டெல்பர்ட் பர்விஸ் பதினோரு வருஷமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். 1934-ம் வருஷத்துக் கூடு, லாரியையே இழுக்கக்கூடிய எஞ்சின், தக்காளிச் சிவப்பு. இப்படிப்பட்ட வண்டியை அங்கே ஹாட் ராட் என்பார்கள். மகள் கார்லிஸைக் கல்யாணத்தன்று இதில்தான் சர்ச்சுக்கு அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவருடைய இடது முட்டி மடங்க மறுத்தது. கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை.

"தானா கியர் மாத்திக்கிற பெட்டி ஒண்ணு வாங்கி வையேன்" என்றாள் மனைவி நடீன்.

"ஹாட் ராட்ல ஆட்டோமேட்டிக்கா? எங்க ஹாட் ராட் கிளப்காரங்க சிரிப்பாங்க."

"சிரிக்கிறவன்ல எவன் முட்டி குடுப்பான்னு கேட்டுட்டு வா."

காயலான் கடையில் நொறுங்கிக் கிடந்த ஓர் அமரர் ஊர்தியில், வேகமாகப் போவதற்கென்றே இருக்கும் ஓவர்டிரைவ் கியரோடு கூடிய அருமையான ஆட்டோமேட்டிக் பெட்டி கிடைத்தது. ஆயுசு முழுக்க ஊர்ந்தே போன வண்டி. ஓவர்டிரைவை யாரும் தொட்டதே இல்லை. ஆனால் பழைய பெட்டியைவிட ஒரு சாண் நீளம். டெல்பர்ட் தரைத்தகட்டை வெட்டினார், தாங்குசட்டத்தைப் பின்னுக்கு நகர்த்தினார், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை ஒரு சாண் குறைத்தார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் உள்ளே எல்லாம் கருகிவிடும். அவர் அதைத் திருகத் திருக, நடீன் பக்கத்தில் நின்று ஜெபித்தாள். வண்டி வெண்ணெயாக ஓடியது.

நம்பர் பிளேட் மட்டும் பாக்கி. சனிக்கிழமை கல்யாணம், வியாழக்கிழமை நடீன் வண்டியைப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள்.

அதிகாரி கிம்ப்ரோ வண்டிக்கடியில் டார்ச் அடித்து, பெட்டியின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"மேடம், இது அமரர் ஊர்தி."

"ரெண்டு பேர் உக்கார்ற கார் சார். சவப்பெட்டிய எங்க வைக்கிறது?"

"அது உங்க சௌகரியம். கையால கட்டின வண்டில எந்தப் பாகத்துக்கு முறையான ஆவணம் இருக்கோ, அதுதான் வண்டியோட வகை. இதுல கியர்பெட்டிக்கு மட்டும்தான் இருக்கு."

"ஒத்துக்கலேன்னா?"

"தாராளமா மேல்முறையீடு செய்யலாம். பிப்ரவரில விசாரணை."

நடீன் கண்ணை மூடித் திறந்தாள். "பிளேட்டக் குடுங்க சார்."

"அடக்கம் செய்யும் நிறுவனத்தோட பேர்?"

"பர்விஸ் குடும்பம்னு போட்டுக்குங்க."

அந்த ஊரில் அமரர் ஊர்தியைக் கண்டால் எல்லா வண்டியும் ஓரங்கட்டும். ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். இரக்கமுள்ளவர்கள் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போவார்கள். வண்டி தக்காளி நிறத்தில் இருந்தாலும் பிளேட் பிளேட்தானே. சனிக்கிழமை டெல்பர்ட்டின் வண்டிக்குப் பின்னால் கேக்கோடு வந்த நடீன் சர்ச் வாசலில் திரும்பிப் பார்த்தாள். இருபத்துமூன்று கார்கள்.

கார்லிஸ் வெள்ளை உடையில் இறங்கினாள். முன்பின் தெரியாத ஒரு மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்: "நல்லா அலங்காரம் பண்ணியிருக்காங்க. உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கா."

ஊர்வலத்தில் சேர்ந்து வந்த கிம்ப்ரோ நடீனின் கையைப் பிடித்தார். "உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கிறேன்."

"சார், இது கல்யாணம்."

"பதிவேட்டுப்படி அடக்கம் மேடம்" என்றார் அவர், கனிவாக.

வழிநெடுக ஒருவரும் குறுக்கே வரவில்லை என்ற செய்தி கிளப்புக்கு எட்டியது. ஆட்டோமேட்டிக்கைக் கேலி செய்தவர்கள் எல்லாம் அமரர் ஊர்தியின் கியர்பெட்டி கேட்டுக் காயலான் கடையில் வரிசை கட்டினார்கள். வசந்தத்துக்குள் அந்தச் சின்ன ஊரில், அதிகாரபூர்வமாக, முப்பத்தொரு அமரர் ஊர்திகள். ஓரங்கட்டி ஓரங்கட்டி ஜனங்களுக்கு அலுத்துப்போயிற்று.

ஏப்ரலில் ஒருநாள் நடீன் ஜெபக்கூட்டத்துக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு நீளமான கறுப்பு வண்டி, அதே பிளேட்டோடு ஊர்ந்தது. கிளப்காரன் எவனோ என்று ஹாரன் அடித்து முந்தினாள். முந்தும்போது எட்டிப் பார்த்தாள்.

டிரைவருக்குப் பக்கத்தில் கிம்ப்ரோ, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒருவரும் ஒதுங்காத சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால், சவப்பெட்டியில், அவருடைய மாமியார்.