ஆறாவது பேப்பர்

"ஒரே ஒரு பேப்பர்தாம்மா குறையுது," என்றார் கல்லூரி அலுவலகக் குமாஸ்தா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது அவளுக்குத் தெரியாதா என்ன? பத்தொன்பது வருஷமாகத் தெரியும். முதன்மைப் பாடமான மேஜர் பொருளாதாரம், துணைப்பாடமான மைனர் வரலாறு. வரலாற்றில் ஆறு பேப்பர். ஐந்தில் பாஸ். ஆறாவது பரீட்சை நடந்த அதே காலை, அதே பத்து மணிக்கு, அவள் கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த கணவர் தரையைப் பார்த்தார். எலெக்ட்ரீஷியன். கல்யாணத் தேதியைக் குறித்தது அவர் வீட்டார்தான். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், "அன்னைக்கு மட்டும் என்னைப் பரீட்சை எழுத விட்டிருந்தா..." என்று ஆரம்பிப்பாள். அதோடு அவர் தோற்றுவிடுவார். சகலத்தையும் தேதி கிழமையோடு அவள் நினைவு வைத்திருப்பதால், அவர் அவளுக்கு வைத்த பெயரே 'வரலாறு'.

ஆனால் இப்போது விஷயம் விளையாட்டில்லை. அவள் உதவியாளராக இருக்கும் பள்ளியில் டீச்சர் இடம் காலி. மாசக் கடைசிக்குள் பட்டத்தைக் காட்டினால் அந்த நாற்காலி அவளுக்கு.

"அடுத்த வாரம் துணைத்தேர்வு இருக்காமே. அந்த ஒரு பேப்பரை எழுதிடறேன்."

"அந்தப் பேப்பரை எடுத்துட்டாங்களேம்மா. புது விதிக்கு மாறிக்குங்க." குமாஸ்தா இரண்டு தட்டு தட்டினார். "மாத்தியாச்சு. இப்ப மூணு குறையுது."

"இப்பதானே ஒண்ணுன்னீங்க?"

"புது விதியில அந்தப் பேப்பருக்குப் பதிலா ஒண்ணு, அயல்மொழி ஒண்ணு, கள ஆய்வு ஒண்ணு சேர்த்திருக்காங்க. சந்தேகம்னா துறைத் தலைவரைப் பாருங்க."

வரலாற்றுத் துறைத் தலைவி வேறு யாருமில்லை, அவளுடைய பழைய பெஞ்சுத் தோழிதான். மூன்று வருஷமும் இவள் தாளை எட்டிப் பார்த்தே எழுதியவள்.

"அடியே, நீயா? இதுக்கா கலங்குற? மைனருக்குத்தான் இத்தனை கெடுபிடி. வரலாற்றையே மேஜரா மாத்திடு. அது என் கையில இருக்கு." ஒரு படிவத்தில் சரசரவென்று கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"இப்ப எத்தனை குறையுது?"

தோழி விரல்விட்டு எண்ணினாள். "ஒம்போது."

"வா, போயிடலாம்," என்றார் கணவர் மெதுவாக. "இன்னும் ரெண்டு ரூம் ஏறி இறங்கினா உன்னை ஒண்ணாங்கிளாஸ்ல கொண்டுபோய் உட்கார வெச்சுடுவாங்க."

அவள் முறைத்த முறைப்பில் தோழி படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "சரி சரி, அதைக் கிழிச்சுடறேன். நீ சேர்ந்த வருஷத்து விதிப்படியே உன்னை முடிக்க விடலாம். ஆனா அந்த விதிப் புத்தகம் எங்க யார்கிட்டயும் இல்ல. கீழே ஆவண அறையில கேட்டுப் பாரு."

படியிறங்கிக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தரையிலிருந்து கூரைவரை கட்டுக்கட்டாகக் காகிதம். நூறு வருஷம், மூச்சுவிடாமல் வரிசையில் நின்றிருந்தது. எந்த அறைக்குப் போனாலும் முதலில் ஒயரைப் பார்க்கும் கணவர்கூட, இங்கே ஒயரை மறந்துவிட்டார்.

"இத்தனை பேரா படிச்சிருக்காங்க?" என்றார், தாழ்ந்த குரலில்.

கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த ஊழியர், அவள் ஆண்டைக் கேட்டுக்கொண்டார். "இத்தனை வருஷம் என்னம்மா பண்ணீங்க?"

"இவங்க வீட்டு ஆளுங்க பரீட்சை அன்னைக்கே கல்யாணத்தை வெச்சாங்க."

"அதுக்குத்தான் பத்தொன்பது வருஷமா காலையில எழுந்து டீ போட்டுத் தரேனே, சார்," என்றார் கணவர்.

ஊழியர் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு அலமாரிகளுக்குள் மறைந்தார்.

அவள் மேஜைமேல் கிடந்த ஒரு கட்டைப் பிரித்தாள். வரலாறு படிக்க வந்த முதல் பெண் எழுதிய விண்ணப்பம். 'எனக்குத் தனி அறை வேண்டாம். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போதும்.' மை மங்கியிருந்தது, பிடிவாதம் மங்கவில்லை. அவள் அதைத் தொடப் பயந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த கட்டில் அவளே இருந்தாள். வருகைப் பதிவேட்டில், இருபது வயதுக் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் அடுத்த வரிக்குள் ஓடியிருந்தது. அதற்கடுத்த பக்கம் ஆறாவது பரீட்சை. அவள் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் 'வரவில்லை'.

"பாருங்க. ஆதாரம்," என்றாள்.

கணவர் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தேதியைத் தள்ளி வெச்சிருப்பாங்க. சொல்லல. பயம்."

"உங்க அப்பாகிட்டயா?"

"உன்கிட்ட. பரீட்சை எழுதி மேல மேல படிச்சுட்டா, ஸ்விட்ச்போர்டு மாட்டறவனை வேணாம்னுடுவியோன்னு."

தேதி கிழமையோடு எல்லாம் தெரிந்தவளுக்கு இந்தச் செய்தி மட்டும் தெரியாது. நூறு வருஷக் காகிதத்துக்கு நடுவே நின்று, பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதரைப் புதிதாகப் பார்த்தாள்.

"அசடு," என்றாள். "ஒன்பது பேப்பர்னாலும் எழுதறேன். இனிமே அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். போதுமா?"

ஊழியர் தூசியைத் தட்டியபடி திரும்பி வந்தார். ஒரு கையில் விதிப் புத்தகம், இன்னொரு கையில் பழுப்பேறிய நீள உறை.

"புத்தகத்துல ஒரு சுற்றறிக்கை குத்தியிருக்கும்மா, உங்க கடைசிப் பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி போட்டது. மைனருக்கு ஆறுல ஏதாவது அஞ்சு பேப்பர் பாஸானா போதுமாம். கம்ப்யூட்டர்ல இது ஏறலை. உங்க பட்டத்தை அப்பவே விடுதி முகவரிக்கு அனுப்பியிருக்காங்க, அது 'ஆள் கல்யாணமாகிப் போயாச்சு'ன்னு திரும்பி வந்து இங்கேயே கிடக்கு," என்று உறையை அவளிடம் நீட்டியவர், கணவர் பக்கம் திரும்பினார். "ஆமா சார், அந்தப் பத்தொன்பது வருஷ டீயை இனி எப்படி வசூல் பண்ணப் போறீங்க?"