எலும்பு வளர்ச்சிப் புரதத் திறப்பு விழா

மனிதனுக்கு எலும்பு தோன்றிப் பல லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் அது முறைப்படி குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைக்கப்பட்டது பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், ஒரு தனியார் கல்லூரியில்தான். வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

தொடங்கி வைக்கப்பட்ட பொருள் ஒரு சிறு குப்பி. உள்ளே எலும்பு வளர்ச்சிப் புரதம். மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் நுழைத்துத் தயாரித்தது. கிண்ணத்தில் வளரும் செல்களோடு சேர்த்தால் அவை எலும்புச் செல்களாக மாறும். சுண்ணாம்பு படியும். அதன்மேல் சாயம் விட்டால் சிவக்கும். சிவந்தால் ஆய்வு மாணவி வெண்மதிக்கு முனைவர் பட்டம். சிவக்காவிட்டால், வீட்டில் பார்த்து வைத்திருக்கும் ஓசூர் மாப்பிள்ளை.

உறைபனிப் பெட்டியில் வந்த குப்பியை எடுத்துக்கொண்டு அவள் ஃப்ரீசருக்கு ஓடினாள். துறைத்தலைவர் முனிராஜ் குறுக்கே நின்றார்.

"எங்கம்மா ஓடற? பூஜைத் தட்டுல வை. தாளாளர் வந்துட்டே இருக்காரு."

"வெளிய வச்சா கெட்டுரும்ங்க சார்."

"சாமி முன்னாடி வச்சது எதும்மா கெட்டிருக்கு?"

"பொங்கலே கெட்டுருதுங்க சார்."

இந்த 'எதிர்மறைச் சிந்தனை'யை முனிராஜ் பெருந்தன்மையோடு மன்னித்தார். குப்பி வெற்றிலைக்கும் எலுமிச்சைக்கும் நடுவே அமர்ந்தது. சித்திரை வெயில். தாளாளர் பச்சியப்பன் தீர்த்தமலையில் தரிசனம் முடித்து, அரூரில் சாப்பிட்டு, ராகு காலம் கழிய விட்டு வந்து சேர்ந்தார். அறிவியலில் நேரம் தவறாமை எத்தனை முக்கியம் என்று பேசினார். பிறகு குங்குமம் தொட்ட விரலால் குப்பியின் மூடியைத் திருகினார்.

"ஐயா, தொறக்காதீங்க!"

"தொறப்பு விழாவுக்குக் கூப்புட்டுட்டு தொறக்காதேன்னா எப்படிம்மா?"

குங்குமம் குப்பிக்குள் உதிர்ந்தது. கைதட்டல்.

"இதை முட்டிக்குத் தடவலாமுங்களா?" என்று தாளாளர் விசாரித்துவிட்டுப் புறப்பட்டார்.

"சார், இனி இது வேலைக்கு ஆகாதுங்க. வேற வாங்கணும்."

"தாளாளர் கைபட்டது வேலைக்கு ஆகலைன்னு நான் போய்ச் சொல்லட்டுமா? ஊத்தும்மா."

ஊற்றினாள். மறுநாளே செல்கள் மாண்டன. கிண்ணம் சிவந்திருந்தது.

"செவந்துருச்சே!" முனிராஜ் குதித்தார்.

"குங்குமங்க சார்."

"சாயமே விடாம செவந்திருக்கு! உலகத்துலயே மொத தடவை."

"செல்லெல்லாம் செத்துப்போச்சுங்க."

"செத்தா மிஞ்சறதே எலும்புதானேம்மா!"

இந்த ஆழ்ந்த உண்மையைக் கேட்டுக்கொண்டே வெண்மதி கிண்ணத்தைக் குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோனாள்.

"செவந்துச்சுன்னு எழுது. இல்லைன்னா ஓசூர்க் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வை" என்றார் அவர்.

எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் ஆய்வு நெறி. எனவே தட்டு, வெயில், விரல் எல்லாவற்றையும் எழுதினாள். முனிராஜ் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். 'சிவந்தது' என்றிருந்தது. மகிழ்ந்து கையெழுத்திட்டார். ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போனது.

அதன் செய்முறைப் பகுதி இப்படி முடிகிறது: "பிற ஆய்வகங்களும் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். புரதம் தேவையில்லை. செல்கள் உயிரோடிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு சிட்டிகை குங்குமம், ஒரு தாளாளர், படிக்காமல் கையெழுத்துப் போடும் துறைத்தலைவர் ஒருவர். இவை இருந்தால் எந்தக் கிண்ணமும் சிவக்கும்."

கீழே முனிராஜின் கையெழுத்து, முத்திரையோடு.